இஸ்டாப்

ப்ராண்டன் நகரத்தில் ஜனவரி.
குழந்தைகளை மைதானத்தில் விடலாமா என்று
வெப்பமானியைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம்.
இன்று மைனஸ் இருபத்தெட்டு. வேண்டாம்.
ஆகவே ஒன்றாம் வகுப்பு, இருபத்தோரு பேர்,
ஈர சாக்ஸ் வாடை,
பலகைக்கு முன்னால் நான்: ஹ்ரின்ச்சுக் டீச்சர்.

என் பெயரை முழுசாகச் சொல்ல
இந்த அறையில் யாராலும் ஆகாது.
முதல் இரண்டு எழுத்திலேயே கால் இடறும்.
மிஸ் ஹெச் என்கிறார்கள்.
உக்ரைனிலிருந்து பூட்டனார் கொண்டுவந்ததில்
மிச்சமிருக்கும் ஒரே சாமான்
தினமும் வாசலில் கழற்றி வைக்கப்படுகிறது,
பனி பூட்ஸோடு சேர்த்து.

இன்றைய பாடம், இரண்டு மெய்கள் ஒட்டி நிற்பது.
ஸ். ட்.
தனித்தனியாகக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள்.
ஸ் என்றால் டயரில் காற்று இறங்குவது.
ட் என்றால் கூரை விளிம்பில் பனிக்குச்சி ஒடிவது.
சேர்த்துச் சொல் என்றால்தான் தகராறு.
நடுவில் ஓர் உயிரைச் செருகிவிடுவார்கள்,
சண்டைபோடும் இரண்டு பேருக்கிடையே
பெஞ்சில் ஒருவரை உட்காரவைப்பதுபோல.
டெல்ஃபின் ‘ஸடாப்’ என்பாள்.
கோல்ட்டன் ட்டை விழுங்கிவிட்டு ‘ஸாப்’ என்று சிரிப்பான்.
அவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

ஜெரிக்கோ மக்சினோ வேறு மாதிரி.
நடுவில் கைவைக்க மாட்டான். முன்னால் வைப்பான்.
இஸ்டாப். இஸ்னோ. இஸ்லெட்.
அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
பெற்றோர் கூட்டத்துக்கு, ஜாக்கெட்டுக்குள் ஆலையின் வெள்ளைக் கோட்டோடு வந்து
“இஸ்பெல்லிங் எப்படி?” என்று கேட்டார்.
பரவாயில்லை என்றேன்.

அட்டைகள் காட்டினேன்.
ரப்பர் பேண்டை இழுத்துக் காட்டினேன்; தெறித்து
டெல்ஃபின் கண்ணாடியில் பட்டது.
இரண்டு குழந்தைகளை எழுத்துகளாக நிறுத்தி
தோளோடு தோள் இடிக்கச் சொன்னேன்.
ஸ் ட்டைத் தள்ளிவிட்டது.
ட் அழுதது.
மணி பத்தே முக்கால்.
ஜன்னல் பக்கம் திரும்பி நின்று
வகுப்புக்குத் தெரியாமல் ஒரு பெருமூச்சு.

அப்போது கடைசி வரிசையிலிருந்து:
ப்ஸ்ட்.

ஜெரிக்கோ.
கோல்ட்டனிடம் பென்சில் கேட்கிறான்.
ப்ஸ்ட்!

கிசுகிசுத்தால் பெயர் பலகையில் ஏறும். அது விதி.
எழுதினேன்.
பெயரை அல்ல.
மூன்று எழுத்து. ஒன்றிலும் உயிர் கிடையாது,
ஆனாலும் கூப்பிட்டால் ஆள் திரும்பிப் பார்க்கிறது.

“இதைச் சொன்னது யார்?”
ஒருவன் காது மட்டும் சிவக்கிறது.
“திட்டமாட்டேன். இன்னொரு தடவை.”
ப்ஸ்ட்.
முதல் எழுத்தை உள்ளங்கையால் மறைத்தேன்.
ஸ்ட்.
பின்னால் ஓர் ‘ஆப்’ எழுதினேன்.
வாய் தயாராகிறது. அந்தப் பழைய இ
பல்லுக்குப் பின்னால் வந்து நிற்பது எனக்குத் தெரிகிறது,
உள்ளே வரலாமா என்பதுபோல்.
“ஸ்ட்… டாப்.”
ட் இரண்டு வந்துவிட்டது. வரட்டும்.

அதன்பின் பாடம் என்று எதுவும் நடக்கவில்லை.
இருபத்தோரு பேரும் ஒருவரையொருவர் ப்ஸ்ட் ப்ஸ்ட் என்றார்கள்.
பக்கத்து அறை ரெய்மர் கதவைத் திறந்து
ஏதாவது பஞ்சரா என்று விசாரித்துப் போனார்.

மூன்றரைக்கு மஞ்சள் பஸ் கையை நீட்டுகிறது.
சிவப்பு எண்கோணம். தெரு முழுக்க நிற்கிறது.
ஜெரிக்கோவும் நின்று, ஆவி பறக்க,
அதைப் படிக்கிறான், ஒரே ட்டோடு.
அம்மா வந்திருக்கிறார், தூக்கம் கலையாத முகம்.
“இஸ்கார்ஃப் எங்கேடா?”
பையிலிருந்து உருவிக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறான்.
“இஸ்கூல்ல கழட்டினேம்மா.”

கை காட்டினேன்.
“பை, மிஸ் ஹ்ர்” என்று கத்தினான்.
மீதியைக் காற்று கொண்டுபோயிருக்கலாம்.
அல்லது அவ்வளவுதான் சொன்னானோ என்னவோ.